கன்றுக்குட்டி காட்டிய வழி

“நாய்க்கு உடம்பு சரியில்லை” என்று ஒருவர் சொன்னால், “இதற்குத்தானா முகத்தை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்?” என்று கேட்கும் சிநேகிதர்களுக்கு உலகத்தில் குறைவில்லை. அப்படிக் கேட்பவர்கள் ஒருநாளும் பிராணி வளர்த்தவர்கள் அல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம். பத்து வருஷம் வாசலில் படுத்துக் காவல் காத்த ஜீவன், வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டால், அந்த வீட்டில் மனிதர்களுக்கும் சோறு இறங்குவதில்லை.

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த எங்கள் பிரம்மதேசத்துப் பக்கத்தில் இந்தத் துக்கத்தோடு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளூர் மருந்தகத்தில் முடியாத வைத்தியம் என்றால் புதுச்சேரிக்குப் போகவேண்டும். அல்லது சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும். உப்பளத்தில் தினக்கூலி வேலை செய்கிறவருக்குப் பிரயாணச் செலவோடு ஒருநாள் கூலியும் போயிற்று. “ஸார், இதற்கு மேலும் செலவு செய்ய வேண்டுமா? விட்டுவிட்டால் பாவமா?” என்று என் மாணவன் ஒருவனுடைய தகப்பனார் கேட்டார். அவர் கண்களில் நீர் இருந்தது. ஆகவே அது கஞ்சத்தனத்தில் பிறந்த கேள்வி அன்று.

இதே கேள்வியை ஊரறிய எடுத்துக்கொண்டு, ஊரறியப் பதில் சொன்னவர் மகாத்மா காந்தி. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பெரும் வேதனையில் கிடந்தது. செய்யக்கூடிய சிகிச்சையும் பணிவிடையும் செய்தார்கள். இனிப் பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். புரண்டு படுத்தாலும் அதற்குத் தாங்கமுடியாத வலி. காந்திஜி நிர்வாகக் குழுவினரைக் கலந்தார், ஆசிரமவாசிகளையும் கலந்தார். “உண்டாக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு என்ன உரிமை?” என்று ஒருவர் தீவிரமாக ஆட்சேபித்தார். நம்முடைய நலனுக்காகக் கொல்லும்போதுதான் அந்த வாதம் பொருந்தும் என்பது காந்திஜியின் பதில். முடிவில் அவர் முன்னிலையிலேயே வைத்தியர் ஊசி போட்டார். இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவ்வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் இதை அவரே எழுதினார். அஹிம்சையைப் போதிப்பவர் கன்றைக் கொல்லலாமா என்று கண்டனங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பதில் எழுத வாரக்கணக்காயிற்று.

அவர் முடிவை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட, அவர் அந்த முடிவுக்குப் போய்ச் சேர்ந்த வழியைக் கவனிக்கவேண்டும். முதலில் சிகிச்சை, பிறகு வைத்தியர் வார்த்தை, பிறகு வீட்டாரின் ஆலோசனை, கடைசியில் தாமே அருகில் நிற்பது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு சோதனை: இது யாருக்காக? தொந்தரவு தாளாமல் ஊசி போடச் சொல்வதும் நமக்காகத்தான். பிரிவைத் தாங்கமாட்டாமல், வலியில் துடிக்கும் பிராணியைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதும் நமக்காகத்தான். முன்னதை உலகம் பழிக்கும். பின்னதை அன்பு என்று புகழும். படுகிற ஜீவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆனால் நோயின் பெயர் தெரியுமுன் தீர்ப்புச் சொல்வது தவறு. பார்வோ நோய் கண்ட நாய்க்குட்டி இரத்தமாகப் பேதியாகித் துவண்டு கிடக்கும்; பார்த்தவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். தாமதமின்றி நரம்பு வழியே திரவம் ஏற்றிக் கவனித்தால் பிழைத்தெழும் குட்டிகள் பல. வயதான நாய்க்குச் சிறுநீரகம் கெட்டால் பூரண குணம் இல்லை. ஆயினும் ஆகார மாற்றத்தாலும் மருந்தாலும் சில காலம் சுகமாக வைத்திருக்கலாம். வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டாலோ சிகிச்சையே கிடையாது. தொட்டுப் பணிவிடை செய்வது வீட்டாருக்கே ஆபத்து. கைவைத்தியமும் வேண்டாம். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம்.

வைத்தியரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். நோய் குணமாகுமா, நாட்கள் மட்டும் கூடுமா? அந்த நாட்களில் அது தானாகத் தின்று, எழுந்து நடக்குமா? வலியைத் தணிக்க முடியுமா? மொத்தச் செலவு எவ்வளவு? கையிலிருப்பதை ஒளிக்காமல் சொல்வதில் வெட்கம் இல்லை. குணப்படுத்தும் சிகிச்சைக்குப் பணம் எட்டாவிட்டாலும், வலியைத் தணிக்கும் மருந்து எட்டக்கூடும். இனி எதுவும் உதவாது என்று வைத்தியர் சொன்னால், அந்த வார்த்தையை ஏற்பது பாவமன்று. பிராணிவதைத் தடுப்புக்கான 1960-ஆம் ஆண்டுச் சட்டமே, உயிரோடு வைத்திருப்பதுதான் கொடுமை என்னும் நிலை வரலாம் என்பதைத் தன் 13-ஆம் பிரிவில் ஒப்புக்கொள்கிறது.

குழந்தைகளிடம் மட்டும் “எங்கேயோ ஓடிப்போய்விட்டது” என்று சொல்லாதீர்கள். ஓடிப்போன நாயைக் குழந்தை தெருத்தெருவாகத் தேடும். தன்மேல் அதற்கு அன்பில்லை என்றும் நினைக்கும். உண்மையைச் சொன்னால் அழும், அழட்டும். அந்தக் கடைசி நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவராவது அதன் தலையில் கை வைத்து அருகில் இருக்கவேண்டும். அதற்குப் பழக்கமான கை அது ஒன்றுதான்.