வயிற்றுக்குள் ஒரு வகுப்பறை

சூலுற்ற பெண் வீட்டில் பொழுதை எப்படிக் கழிக்க வேண்டும் என்று சொல்லித்தர நம்மிடையே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மகளிர் இதழ்களின் ஆலோசனைப் பகுதிகள், கைப்பேசிச் செயலிகள், வளைகாப்புக்கு வந்து வளையல் அடுக்கும் பெரியம்மாக்கள் என எல்லாத் திசைகளிலிருந்தும் பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. நல்ல நூல்களை வாசி, வீணை கேள், கணக்குப் புதிர் போடு, சுலோகம் சொல், அழகான குழந்தைப் படத்தைச் சுவரில் மாட்டித் தினமும் பார். பட்டியல்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். காரணம் மட்டும் மாறுவதில்லை. கணக்குப் போட்டால் குழந்தைக்குக் கணக்கு வரும், வீணை கேட்டால் குழந்தைக்கு ஞானம் வரும். அந்தப் பெண்ணுக்கு இவற்றுள் எது பிடிக்கும் என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

என் வாதம் எளியது. பிறர் பொருட்டு, பயன் கருதி, பிறர் மேற்பார்வையில் செய்யப்படுவது பொழுதுபோக்கு ஆகாது. அதற்கு வேலை என்று பெயர். பேறுகாலத்துப் பெண்ணுக்கு மனம் இளைப்பாற ஒன்று வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் அவள் தலையில் மேலும் ஒரு வேலையைக் கட்டிவிடுகிறோம்.

இந்த மனப்பாங்குக்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துவைப்பது அபிமன்யுவின் கதை. கருவிலிருந்தே சக்கர வியூகத்தைக் கற்றான் என்பார்கள். வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் அபிமன்யு, வியூகத்தை உடைக்கத் தன் தந்தை கற்றுத்தந்ததாகவே சொல்கிறான். கருவில் கேட்ட கதை பிற்கால வழக்கில் ஊன்றிக்கொண்டது. அந்த வழக்குக் கதையையாவது முழுமையாகச் சொல்கிறோமா? பாடம் நடந்துகொண்டிருக்கையில் சுபத்திரை தூங்கிப்போகிறாள். அதனால் வெளியேறும் வழி பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. அதனால் அவன் களத்தில் சாகிறான். ஒரு கர்ப்பிணி சற்றே கண்ணயர்ந்தாள், மகன் மாண்டான். பதினெட்டு நாள் போரை நடத்திய ஆண்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தூங்கிய தாயிடம் வந்து நிற்கும் கதை இது. இதைத்தான் நாம் மசக்கையில் சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு ஊக்கம் தரும் கதையாகச் சொல்கிறோம்.

பிரகலாதன் கதை இதைவிடத் தெளிவானது. இரணியன் மனைவி கயாது நாரதரின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது அவர் அவளுக்கு உபதேசித்தார். கருவிலிருந்த பிரகலாதன் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டான். தாய் என்னவானாள்? நெடுங்காலம் ஆகிவிட்டதாலும், பெண் என்பதாலும் அவள் மறந்துபோனாள் என்று பாகவதத்தின் ஏழாம் கந்தத்தில் பிரகலாதனே கூறுகிறான். அறிவு அவள் வழியே பாய்ந்து மகனிடம் சேர்கிறது. அவளிடம் ஒரு சொட்டும் தங்கவில்லை. பாத்திரத்துக்கு நினைவு எதற்கு?

புராணத்தை நம்பாத நவீனர்கள் அறிவியலை அழைத்துவருவார்கள். 'மொசார்ட் விளைவு' அவர்களின் அபிமன்யு. 1993ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்தச் சிறு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பின் ஒருவகைப் பட வடிவப் புதிர்களில் அவர்கள் சற்றுக் கூடுதலாகத் தேறினர். அந்த ஏற்றமும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. கருவோ, கைக்குழந்தையோ அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கவேண்டும் என்றார். வயிற்றின்மேல் ஒலிக்கருவியை வைத்துக்கொள்ளும் வழக்கம் வரை அந்தக் கதை வளர்ந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கருவிலுள்ள குழந்தைக்குக் கேட்கும் என்பது உண்மை. 1986இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் உளவியல் ஆய்வாளர்கள், பேறுகாலத்தின் கடைசி ஆறு வாரங்கள் தாய்மாரை ஒரே கதையை நாள்தோறும் உரக்க வாசிக்கச் செய்தார்கள். பிறந்த குழந்தைகள், கேட்டிராத கதையைவிட அந்தக் கதையின் ஒலியை நாடின. இதைக் காட்டி, ஆகவே நல்லவற்றை வாசிக்க வேண்டும் என்பார்கள். சற்று நிதானியுங்கள். குழந்தை அறிந்துகொண்டது ஓசையின் ஏற்ற இறக்கத்தையும் தாளத்தையும்தான். பொருளையோ நீதியையோ அன்று. வாசிக்கப்பட்டது திருவாசகமா, ராஜேஷ்குமாரின் குற்றப் புதினமா என்று பிரித்தறியும் விமர்சகர் எவரும் கருப்பைக்குள் அமர்ந்திருக்கவில்லை. அந்த ஆய்விலிருந்து ஒரு பெண் பெறக்கூடிய ஒரே அறிவுரை: உனக்குப் பிடித்ததை வாய்விட்டு வாசி, உன் குரல் அதற்குப் பழகும்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தி, ஏழாம் மாதத்தில் வீட்டில் இருந்தபோது துப்பறியும் கதைகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க இருந்த நெஞ்செரிச்சலும் கால்வீக்கமும் அந்த ஒரு மணி நேரம் மறந்துபோகும் என்பாள். கொலைக்கதை வாசித்தால் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று கேட்டு, மாமியார் அவற்றை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு ஒரு சுலோகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் கொடியவர் அல்லர், அன்பால்தான் செய்தார். பக்தி நூலை விரும்பி வாசிப்பவளுக்கு அது பெரும் ஆறுதல் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவள் அதை மனனம் செய்தாளே ஒழிய, இளைப்பாறவில்லை. ஒரு நாள் தவறினாலும் குழந்தைக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாகக் கலங்கினாள். இளைப்பாற வந்த பொழுதுபோக்கு, குற்ற உணர்ச்சிக்கு ஊற்றாகியது.

அரசும் இதற்கு விலக்கன்று. 2017இல் ஆயுஷ் அமைச்சகத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு வெளியிட்ட தாய்-சேய் நலக் கையேடு, கர்ப்பிணிகள் ஆசை, கோபம், பற்று முதலியவற்றைத் துறக்கவும் படுக்கையறையில் அழகான படங்களை மாட்டவும் அறிவுறுத்தியது. முனிவர்களே திணறிய காரியத்தை வாந்தியோடு போராடும் பெண்ணுக்கு விதிக்கிறோம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளரும் நாடுகளில் இது 15.6 விழுக்காடு. அவர்களுக்கு வேண்டியது மருத்துவர். 'துக்கப்படாதே, பிள்ளைக்கு ஆகாது' என்ற கட்டளை துக்கத்தைப் போக்குவதில்லை, மறைக்கக் கற்றுத்தருகிறது.

தமிழ் மரபு இவ்விஷயத்தில் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. சூல்கொண்டவளின் வேட்கைக்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு: வயா, வயவு. தொல்காப்பிய உரியியல் 'வயா' என்பதற்கு வேட்கைப் பெருக்கம் என்றே பொருள் சொல்கிறது. கச்சிப்பேட்டு நன்னாகையார் குறுந்தொகை 287ஆம் பாட்டில், நீர்சுமந்து மலையேறத் தளரும் மேகத்துக்கு, பசும்புளிக்கு ஏங்கும் நிறைசூல் மகளிரை உவமை காட்டுகிறார். புறநானூற்று 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரனின் மண்ணைப் பகைவர் உண்ணார், வயவுற்ற மகளிர் விரும்பி உண்டால் அன்றி என்கிறார். மண்ணைத் தின்றால் இன்றைய மருத்துவர் இரும்புச்சத்துக் குறைவோ என்று சோதிப்பார், சோதிக்கத்தான் வேண்டும். நான் சுட்டுவது வேறு. அந்தப் புலவர்கள் அவளுடைய ஆசையை அவளுடையதாகவே பார்த்தார்கள். புளி தின்றால் பிள்ளைக்கு என்ன வரும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. அரசனின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில்கூட அந்த ஆசைக்கு ஓர் இடம் இருந்தது.

அப்படியானால் என்னதான் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: அவளைக் கேளுங்கள். குரோஷா பின்னலாம், குறுக்கெழுத்துப் போடலாம், நோட்டுப்புத்தகத்தில் புள்ளிக்கோலம் போட்டுப் பார்க்கலாம், பழைய திரைப்பாட்டுகளைச் சுருதி பிசகிப் பாடலாம். பின்னுவது குழந்தைக்குத் தொப்பியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாதியில் விட்டாலும் குடிமுழுகாது. சொல்லவேண்டிய எச்சரிக்கைகள் சிலவே. தொட்டிச் செடிகளில் மண் அளைந்தால் கையுறை அணிந்து, பின்பு கைகழுவ வேண்டும். பூனைக் கழிவு கலந்த மண்ணால் டாக்ஸோபிளாஸ்மா தொற்று வரக்கூடும். டர்பென்டைன் போன்ற கரைப்பான்கள் கலந்த வண்ணங்களைக் காற்றோட்டமில்லா அறையில் கையாளக் கூடாது. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராமல் இடையிடையே எழுந்து நடக்கவேண்டும். இவை உடல் சார்ந்தவை, சான்று உள்ளவை. மற்றவை நம் ஆசைகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். 2017இன் சட்டத்திருத்தம் தந்த 26 வார மகப்பேறு விடுப்பில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். பிள்ளைக்குப் பின்னால் வேண்டுமே என்று அதையும் சேமித்து, வலி எடுக்கும் நாள்வரை பேருந்தில் தொங்கிவரும் பெண்களை நான் பணியிடத்தில் பார்த்துவருகிறேன். விடுப்பே இல்லாத கட்டடத் தொழிலாளியையும் வீட்டுவேலை செய்பவளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, கர்ப்பிணிக்கு எந்த நூலைப் பரிசளிக்கலாம், எந்த இசைத்தட்டை வாங்கலாம் என்று யோசிக்கும் கணவர்களும் பெரியவர்களும் முதலில் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவிவைக்கட்டும். மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும். அவள் சும்மா படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவும் பொழுதுபோக்குத்தான். சுபத்திரைக்கும் அந்த உரிமை இருந்தது.