'எழுதிக் கொடுங்க' என்பது பதில் இல்லை: சைகை மொழி பேசுவோரிடம் அரசு எப்படிப் பேசப் போகிறது?

திங்கட்கிழமை காலை எந்த கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தைப் பார்க்கலாம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய், அதிகாரியிடம் நம் பிரச்சினையை நாலு வரியில் சொல்லிவிட வேண்டும். கையில் மனு இருந்தாலும், பல நேரம் காரியம் நகர்வது அந்த நாலு வரியில்தான்.

காது கேளாத ஒருவருக்கு, பெயரைக் கூப்பிட்டதைப் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாலு வரியை அவர் எப்படிச் சொல்வது?

"அதான் பேப்பர், பேனா இருக்கே. எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க." இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியபோது எங்கள் டெஸ்க்கிலேயே முதலில் வந்த பதில் இதுதான். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி

நாம் தமிழை முதலில் காதால் கற்றோம். பிறகுதான் எழுத்து. பிறந்ததிலிருந்தே காது கேளாத குழந்தைக்கு அந்த முதல் படி கிடையாது. இந்திய சைகை மொழி என்பது தமிழைக் கையால் காட்டுவதும் அல்ல. அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. உதாரணமாக, 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். முகபாவமும் அந்த இலக்கணத்தின் ஒரு பகுதி.

அந்த மொழியில் யோசிக்கும் ஒருவரிடம் 'உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்காதபட்சத்தில் மனு பரிசீலிக்கப்படமாட்டாது' என்று ஒரு தாளை நீட்டினால் என்ன ஆகும்? (காது நன்றாகக் கேட்கும் எனக்கே இதை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.) நன்றாகத் தமிழ் எழுதும் காது கேளாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் எல்லோராலும் முடியும் என்று நினைத்து ஒரு அரசு சேவையை நடத்த முடியாது.

அதனால் என்ன நடக்கிறது? தங்கச்சியோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ கூடவே வர வேண்டியிருக்கிறது. ரேஷன் கார்டு விஷயத்தில் இது சமாளிக்கக்கூடியதுதான். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. அம்மாவின் ஆபரேஷனில் என்ன ஆபத்து என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கேட்டு, அம்மாவுக்கு விளக்கி, கையெழுத்தும் வாங்கித் தர வேண்டும். குடும்ப வன்முறைப் புகார் கொடுக்க வரும் பெண்ணுக்கு, வீட்டு ஆள் ஒருவரே மொழிபெயர்த்தால் அந்தப் புகார் எப்படிப் பதிவாகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 2.2 லட்சம் பேர். இதில் வயதான காலத்தில் கேட்கும் திறனை இழந்தவர்களும் அடக்கம். எல்லோரும் சைகை மொழி பேசுபவர்கள் இல்லை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 'தகவல் தொடர்பு' என்பதற்கான விளக்கத்திலேயே சைகை மொழியைச் சேர்த்திருக்கிறது. அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும் சேர்த்து.

அந்த 'சேர்த்து' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டு காதிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்'. 60 முதல் 70 வரை என்றால் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. கருவி வைத்துக்கொண்டு பேச்சில் சமாளிக்கிறவரும், சைகை மொழி மட்டுமே பேசுகிறவரும் ஒரே 1 சதவீதத்துக்குப் போட்டி போடுகிறார்கள். வாய்மொழி நேர்காணல் இருக்கும் இடத்தில் யார் பின்தங்குவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை கிடைத்தாலும் கதை முடிவதில்லை. பயிற்சி வகுப்பு பேச்சில் நடக்கிறது. மீட்டிங்கும் அப்படித்தான். முடிவு என்ன என்று பக்கத்து சீட்காரர் கடைசியில் இரண்டு வார்த்தை எழுதிக் காட்டுவார். பத்து வருஷம் இப்படியே போனால் பதவி உயர்வு எங்கிருந்து வரும்? மாற்றுத்திறன் ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனம் செய்து தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. வீல்சேரில் வருபவரிடம் சாய்தளத்தை நீங்களே கொண்டுவாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஏன் ஊழியரின் சொந்தச் செலவு?

சரி, ஆட்களுக்கு எங்கே போவது?

இது நியாயமான கேள்வி. தகுதிபெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. 38 மாவட்டங்களிலும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒருவரை நாளைக்கே போட முடியாது. ஆனால் குறைதீர் நாள் வாரத்தில் ஒரு நாள்தான். அன்றைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பது பெரிய செலவு இல்லை.

மற்ற நாட்களுக்கு வீடியோ கால் போதும். பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து 999 அவசர சேவையை சைகை மொழியிலேயே வீடியோவில் அழைக்கலாம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நம் ஊரில், டெல்லியில் 2015-ல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும் 2023-ல் வாட்ஸ்அப் வீடியோ கால் வழியாக இப்படி ஒரு சேவையை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டுக்கு என்று, தமிழும் சைகையும் தெரிந்த ஒரு குழுவை சென்னையில் உட்காரவைத்து, அரசு மருத்துவமனைகள், போலீஸ் ஸ்டேஷன்கள், இ-சேவை மையங்களில் ஒரு டேப்லெட் வைத்தால் பாதி பிரச்சினை தீரும். கவுன்ட்டர் ஊழியர்களுக்கு ஒருநாள் சைகைப் பயிற்சி கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதைவிட இது மேல். 'வணக்கம்' காட்டத் தெரிந்தவரால் பட்டா பிரச்சினையை மொழிபெயர்க்க முடியாது.

இதில் வேலைவாய்ப்பும் இருக்கிறது. சைகை மொழியைக் கற்றுத்தர, அதையே தாய்மொழிபோல் பேசும் காது கேளாதவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அதற்கென்றே டிப்ளமோ படிப்பும் இருக்கிறது. அரசுப் பணியிடங்கள்தான் வேண்டும்.

கடைசியாக எங்கள் பக்கத்துக் கணக்கு. மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் எழுத்து வரிகளும் வேண்டும் என்று அதே சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. நாங்கள் தினமும் போடும் வீடியோக்களில் சப்டைட்டில்கூட எல்லாவற்றிலும் இல்லை. இந்தக் கட்டுரைக்கும் சைகை மொழியில் வீடியோ இல்லை. எழுத்துத் தமிழில் மட்டும்தான் இருக்கிறது.