படிக்காதவன் குற்றவாளியா?

"தமிழன் படிப்பதில்லை, படிக்கும் பழக்கமே ஒழிந்துவிட்டது, பெங்களூர்த் தமிழனுக்குச் சினிமாவும் கிரிக்கெட்டும் கைபேசியும் இருந்தால் போதும்" என்று ஒரு புலம்பலை நாம் மாதந்தோறும் கேட்டு வருகிறோம். புலம்புகிறவர்கள் யார்? கட்டுரை எழுதுகிறவர்கள்! எட்டுப் பக்கம் எழுதிச் சங்கத்து இதழுக்கு அனுப்புகிறார்கள். அதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததும் வாசகன் மீது பாய்கிறார்கள். ஊசிப்போன வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஊரில் எவனுக்கும் பசியே இல்லை என்று கடைக்காரன் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

அந்த எட்டுப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்ப்போம். முதல் பக்கத்தில், கல்லும் மண்ணும் உண்டாவதற்கு முன்பே உண்டான இனம் நாம் என்ற பெருமை. இரண்டாம் பக்கத்தில் குமரிக்கண்டம். மூன்றாம் பக்கத்தில் இமயத்தில் கொடி. நான்காம் பக்கத்தில்தான் கட்டுரையாளர் கண்டோன்மெண்ட் நிலையத்தில் வந்து இறங்குகிறார்! வாசகனோ பங்காருபேட்டையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

பிரேசர் டவுனில் இந்த இதழைக் கையில் வாங்குகிறவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாங்குகிறார். ஆட்டோவைச் சவாரிக்கு நிறுத்திக்கொண்டு வாங்குகிறார். ஷிப்ட் முடிந்து கிழக்கு ஸ்டேஷன் பக்கம் நடந்துபோகிற வழியில் வாங்குகிறார். டீ ஆறுவதற்குள் நீங்கள் அவரைப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் தோற்றது நீங்கள், அவர் அல்ல.

படிப்பறிவு குறைந்த மக்கள் என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலை! அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. அதைப் படித்தவர்கள் பட்டதாரிகளா? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள். இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். வாசகர் வினா அனுப்பினார், பண்டிதர் விடை எழுதினார். நம்முடைய கேள்விக்கு அச்சில் பதில் வருகிறது என்றால் எந்தத் தொழிலாளி அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க மாட்டான்? 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926இல் அந்த இதழை மீண்டும் எழுப்பியது எந்த ஊர்? சென்னை அல்ல. ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் எழுப்பினார். நமக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவு கூட இல்லாத அந்தச் சுரங்க ஊர்! படிக்கத் தெரியாதவன் படித்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டான். அந்தச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கே இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்கால ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களைத்தான் நம் கட்டுரையாளர்கள் 'படிக்காத கூட்டம்' என்கிறார்கள்!

சின்ன வாக்கியமாக எழுதினால் போதும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். போதாது. 1925இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' கொண்டுவந்த பெரியாரின் வாக்கியங்களைப் பாருங்கள். ஒரு பாராவே ஒரு வாக்கியமாக ஓடும். புலவர்கள் கண்ணுக்கு அது நடையே அல்ல. ஆனாலும் படித்தார்கள், எதிரிகளும் படித்தார்கள். ஏன்? வாசகன் மனதுக்குள் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியை அவர் உரக்கக் கேட்டார். கேட்ட பிறகு விடை வருகிற வரையில் வேறு பக்கம் திரும்பவில்லை. எழுத்தைக் கூட அவர் வாசகன் பக்கம் நின்று பார்த்தார். 1935இல் அவர் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல்தான் ஏற்றது.

1942இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் வேறு வழியில் போனார். பேச்சு வழக்குச் சொல், பெரிய தலைப்பு, சிறிய வாக்கியம். கொலையையும் கொள்ளையையும் அந்த ஏடு எவ்வளவு பெரிதாகப் போட்டது என்பதில் நமக்குச் சண்டை உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படித்தவனை அவர் மதித்தார் என்பதை மறுப்பவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவனே அல்ல.

"மக்களுக்குப் புரியும்படி எழுதினால் தரம் தாழ்ந்துவிடும்" என்கிறார்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கள், அன்பர்களே! 1980இல் இதே பெங்களூரில் பி. லங்கேஷ் 'லங்கேஷ் பத்திரிகெ'யைத் தொடங்கினார். அவர் ஆங்கிலப் பேராசிரியர், கவிஞர், நாடகாசிரியர். விளம்பரமே வாங்காமல், வாசகன் கொடுத்த காசில் மட்டும் வாரப் பத்திரிகை நடத்தினார். அன்றைய முதலமைச்சர் குண்டுராவைக் கேலியாலேயே கலங்கடித்தார். கன்னட இலக்கியத்தின் தரம் அதனால் தாழ்ந்தா போயிற்று? கன்னடம் படிக்கத் தெரிந்த நம் தோழர்கள் பழைய இதழ் கிடைத்தால் புரட்டிப் பார்க்கட்டும். கற்றுக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

இனி நம் இதழுக்கு வரும் காவிரிக் கட்டுரைகளுக்கு வருவோம். இங்கேதான் நம் கோபமெல்லாம். தஞ்சை வாடுகிறது, தமிழினம் பொங்கி எழ வேண்டும் என்று எழுதுகிறார்கள். தஞ்சை வாடுவது உண்மை. ஆனால் எழுதுகிறவர் எந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதுகிறார்? பிரேசர் டவுன் குழாயில் வருவதும் காவிரிதான்! சுமார் நூறு கிலோமீட்டர் குழாயில் தள்ளி, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்காலமாகத் தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. என்றது; 2007இல் இறுதித் தீர்ப்பில் 192 என்றது; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 என்றது. அப்போது கர்நாடகத்துக்குக் கூடிய 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. அந்தக் குடத்தில் நம் வீட்டுக் குடமும் இருக்கிறது. சொந்த ஊரில் அண்ணன் வயல் காய, இங்கே தம்பி வீட்டுக் குழாயில் அதே ஆறு ஓடுகிற கதையை இதுவரை ஒருவராவது எழுதி அனுப்பினார்களா? எண்ணோடும் தெருப் பெயரோடும் எழுதினால் எந்த வாசகன் பாதியில் வைப்பான்?

வாசகனைப் பிடித்துவைக்கச் சூடு ஏற்றினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. சூட்டுக்கு விலை கொடுப்பது யார்? 1991 டிசம்பரில் இடைக்கால ஆணை அரசிதழில் வந்தவுடன் பெங்களூரில் அடிபட்டது குடிசைகளிலும் கூலி வேலையிலும் இருந்த தமிழர்கள். 2016 செப்டம்பரில், முகநூலில் எழுதிய ஓர் இளைஞரை இங்கே அடித்த காட்சி கைபேசிகளில் பறந்தது. சென்னையில் கன்னடர் உணவகம் தாக்கப்பட்டது. 12ஆம் தேதி இங்கே தமிழகப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. சூடான வரியை எழுதியவன் கதவைச் சாத்திக்கொள்வான். வண்டி ஓட்டுகிறவன் எங்கே போவான்? இதற்காக வாயை மூடிக்கொள் என்று நாம் சொல்லவில்லை. கணக்கோடு பேசு என்கிறோம். 1974 மே மாதம் இரயில்வே தொழிலாளிகள் இலட்சக்கணக்கில் 8ஆம் தேதியிலிருந்து 27 வரை நின்றார்களே, வெறும் முழக்கத்துக்காகவா நின்றார்கள்? எட்டு மணி நேர வேலை, போனஸ் என்று கலாசிக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அடுத்த இதழ் முதல் இரண்டு பக்கத்துக்கு மேல் எந்தக் கட்டுரையும் ஏற்கப்படாது. தலைவர் எழுதினாலும் சரி. உங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் இருக்கிறாரா, மூடப்பட்டிருந்தால் எந்த ஆண்டு, யார் சொல்லி? இதை நேரில் போய்க் கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுதியதை அனுப்பும் முன் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்கிறவர் எந்த வரியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறாரோ, அந்த வரியை அடித்துவிடுங்கள். குமரிக்கண்டம் பற்றிக் கைவசம் ஒன்பது கட்டுரைகள் உள்ளன. மேற்கொண்டு தேவையில்லை.