கஞ்சா எண்ணெய்: யாரிடம் கேட்பது?



வலிப்பு வரும் பிள்ளைக்கோ, புற்றுநோயில் துடிக்கும் அப்பாவுக்கோ ஹாட்யாயில் கஞ்சா எண்ணெய் வாங்கி வரலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். தாய்லாந்து 2022-இல் தடையைத் தளர்த்தியது உண்மை. எல்லையைத் தாண்டினால் சிறு குப்பியும் குற்றமே.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1996-இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. ஆனாலும் மத்தியச் சட்டம் அங்கே நோயாளியைத் தண்டிக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இங்கே அந்த இழுபறிக்கே இடமில்லை. நம் அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணைப்படி மருத்துவமும் போதைப்பொருளும் மத்திய அரசின் கையில். சிலாங்கூர் சட்டமன்றம் மனம் வைத்தாலும் பயனில்லை.

1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிப்பார்கள். நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்த 29 வயது இளைஞருக்கு 2018-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அன்றைய பிரதமர் மகாதீரே மறுஆய்வு தேவை என்றார். 2023-இல் நீக்கப்பட்டது கட்டாயத் தூக்குதான், தூக்கு அல்ல.

பதிவு பெற்ற கஞ்சா மருந்துக்குச் சட்டம் தடையில்லை என்று 2021-இல் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி சொன்னார். காகிதத்தில் வழி இருக்கிறது; அந்த வழியில் நடக்கக் காசுள்ளவனால்தான் முடியும்!

ஆகவே கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை தோட்ட மக்களே, சட்டமன்ற உறுப்பினரை விடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்துக் கேளுங்கள்: தஞ்சோங் காராங் அரசு மருத்துவமனையில் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த மருந்து கிடைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?