ஐ5 என்றால் எந்த ஐ5?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல் முடித்துவிட்டு இருக்கும் பிள்ளை, ஏ.எல்லில் ஐ.சி.டி படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். கம்பியூட்டர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வருடம் பாடசாலை வாசலில் ஒரு சகோதரர் என்னை மறித்தார். ஓட்டோ ஓடுபவர். மகள் ஏ.எல்லுக்கு ஐ.சி.டி எடுத்திருந்தாள்.

"சேர், மகளுக்கு ஒரு கம்பியூட்டர் எடுக்கணும். சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கு. என்னத்த எடுக்குற?"

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. நானும் அவசரத்தில், "மினி பீசி எண்டு சின்னப் பெட்டி ஒண்டு இருக்கு காக்கா. பாவிச்சது எடுத்தாக் காணும். ஐ5 எண்டு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மகள் வந்து சொன்னாள்: "சேர், ஒன் பண்ணினா அஞ்சு நிமிஷம் போகுது. பைத்தன் திறந்தா மற்றதெல்லாம் நிக்குது."

அன்று அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஐ5 ஸ்டிக்கர் இருந்தது. பொய் இல்லை, ஐ5தான். ஆனால் மூன்றாம் தலைமுறை ஐ5. 2012ஆம் ஆண்டு வந்த ப்ரொசெசர். உள்ளே இரண்டே இரண்டு கோர், 4 ஜிபி ராம், சுற்றுகின்ற பழைய ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார். அரைகுறையாகச் சொன்னது நான்.

அந்தச் சகோதரர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னதத்தான் எடுத்தேன் சேர்" என்றார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் "என்ன கம்பியூட்டர் வாங்கலாம்?" என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு வரியில் பதில் இருக்கிறது. ஐ5 எடு, ஐ7 எடு, புதுசு எடு, பெரிசு எடு. ஆசிரியர்களாகிய நாமும் அப்படித்தான் சொல்கிறோம். காசு கொடுப்பது நாமில்லை என்பதால் நமக்கு வாய் சுலபமாக வருகிறது.

என் கருத்து இன்றும் மாறவில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்புக்குப் பாவித்த மினி பீசியே நல்ல தெரிவு. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எதை மாற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் அதுவும் வீண்செலவுதான்.

முதலில், இது என்ன சாமான்? டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்ற பெயர்களில் வருபவை. ஒரு தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். பெரிய கம்பனிகளின் ஒபிஸ் மேசைகளில் சில வருடம் ஓடிவிட்டு, மொத்தமாகக் கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. ஒபிஸ் பாவனைக்கென்றே செய்தவை என்பதால் உறுதியானவை. முக்கியமான விஷயம், இவற்றைத் திறக்கலாம். ராமையும் டிஸ்க்கையும் கழற்றி மாற்றலாம்.

இப்போது அந்த ஐ5 கதைக்கு வருவோம். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. வாப்பாவுக்கும் அதுதான், மகனுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் இலக்கம். ஐ5-3470டி என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10500டி என்றால் பத்தாம் தலைமுறை. கடைசியில் வரும் 'டி' எழுத்து, 35 வாட்டில் வேலை செய்யும் வகை என்று அர்த்தம். மினி பீசியில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

ஐ5-7500டியில் நான்கு கோர். ஐ5-8500டியில் ஆறு கோர். ஒரே ஒரு தலைமுறை வித்தியாசம்தான். எட்டாம் தலைமுறை ஐ3-8100டியில்கூட நான்கு கோர் இருக்கிறது. அதாவது, நான் அந்தச் சகோதரரிடம் "எட்டாம் தலைமுறை ஐ3 போதும்" என்று சொல்லியிருந்தால், அவர் வாங்கிய ஐ5ஐ விட எவ்வளவோ நல்ல பெட்டி கிடைத்திருக்கும்.

எட்டாம் தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகளில் விண்டோஸ் 11க்கு முறையான அனுமதி எட்டாம் தலைமுறையிலிருந்துதான். "அதுக்கு முந்தினதிலயும் போடலாம், நான் போட்டுத் தாறன்" என்று கடையில் சொல்வார்கள். போடலாம்தான், ஆனால் பின்னுக்கு அப்டேட் வரும்போது பிரச்சினை வந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

புத்தம் புதிதாக வரும் சின்னப் பெட்டிகளும் இருக்கின்றன. 2023இல் வந்த இன்டெல் என்100 போட்டவை. நான்கு கோர், மின்சாரம் மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளையின் வேலைக்குப் போதும். ஆனால் வாங்கமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராம் கழற்றலாமா, இல்லாட்டி போர்டோட ஒட்டினதா?" ஒட்டியது என்றால் இன்று எத்தனை ஜிபி இருக்கிறதோ, கடைசி வரை அவ்வளவுதான். டிஸ்க் ஈ.எம்.எம்.சி என்று சொன்னாலும் கவனம். அதுவும் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியதுதான்.

கடைக்குப் போனால் செய்ய வேண்டியவை:

1. ஒன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் ப்ரொசெசரின் முழு இலக்கமும் தெரியும், ராம் எத்தனை, எத்தனை ஸ்லொட் பாவனையில் என்பதும் தெரியும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

2. பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பனி போட்ட பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

3. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதுகூடத் தெரியும்.

4. அடப்டர் அதே கம்பனியினுடையதா என்று பாருங்கள். பலர் கவனிக்காத இடம் இதுதான். டெல் பெட்டிக்கு வேறு அடப்டர் குத்தினால் அது அடையாளம் தெரியாமல் ப்ரொசெசரின் வேகத்தைக் குறைத்துவிடும். பெட்டி பழுது என்று நினைத்துத் திருத்தக் கொண்டுபோவீர்கள்.

5. வைஃபை இருக்கிறதா? ஒபிஸில் வயரில் ஓடிய பெட்டிகள் பலவற்றில் வைஃபை கார்ட்டே இருக்காது.

6. வீட்டிலுள்ள மொனிட்டரின் சொக்கட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சில மொடல்களில் எச்.டி.எம்.ஐ இல்லை, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். மாற்றி வயர் ஒன்று தேவைப்படும். அதைப் பெட்டி வாங்கும்போதே பேசி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, தரமுயர்த்துவது. இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. காசையும் அந்த ஒழுங்கிலேயே போட வேண்டும்.

முதலாவது டிஸ்க். பழைய சுற்றும் டிஸ்க் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் எஸ்.எஸ்.டி போடுங்கள். ஒரு பழைய பெட்டிக்கு உயிர் வருவது இதில்தான். எட்டாம் தலைமுறைப் பெட்டிகளில் எம்.2 என்ற சின்ன ஸ்லொட் இருக்கும், என்.வி.எம்.இ வகை அதில் போகும். மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் அந்த ஸ்லொட்டை எதிர்பார்க்காதீர்கள். சாட்டா வகை 2.5 அங்குல எஸ்.எஸ்.டிதான் வாங்க வேண்டும். தெரியாமல் மாறி வாங்கிவிட்டுத் திரும்பக் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது ராம். பாடசாலை வேலைக்கு 8 ஜிபி சமாளிக்கும், 16 ஜிபி என்றால் நிம்மதி. இதில் போவது லெப்டொப் ராம், பெரிய கம்பியூட்டரின் நீள ராம் இல்லை. டி.டி.ஆர்3ஆ, டி.டி.ஆர்4ஆ என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். முடிந்தால் ஒரே அளவான இரண்டு துண்டு போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டி என்பதால் இரண்டு துண்டு போட்டால் படம் காட்டும் வேலையும் கொஞ்சம் வேகமாகும். 2025 கடைசியிலிருந்து உலகச் சந்தையில் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஆகவே பெட்டியோடு 16 ஜிபி வந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, காசு குறைந்த வேலை. திறந்து தூசி தட்டி, ப்ரொசெசரின் மேலுள்ள காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூசுவது. கடற்கரை ஊரில் நமக்கு உப்புக் காற்று, புழுதி, எறும்பு எல்லாம் உண்டு. அலுமாரிக்குள் துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். மாரியில் இடி இடித்தால் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ப்ரொசெசரை மாற்றுகிறேன், கிராபிக்ஸ் கார்ட் போடுகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். சின்னப் பெட்டிக்குள் அந்தச் சூடு போக இடமில்லை. அந்தக் காசுக்கு யூ.பி.எஸ் ஒன்று வாங்குங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மினி பீசிக்குப் பற்றரி இல்லை, கரண்ட் போனால் செய்த வேலை போகும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது, மறக்க வேண்டாம். பெரிய கேம், பெரிய வீடியோ எடிட்டிங் இதில் சரிவராது. கெம்பஸ் கிடைத்து ஹொஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு லெப்டொப்தான் தேவை. ஆனால் வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்படி ஹோலில் வைத்த ஒரு மினி பீசி, அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பார்க்கும் போனை விட எவ்வளவோ மேல்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஐ5" என்று மட்டும் எழுதி விலை ஒட்டாதீர்கள். எத்தனையாம் தலைமுறை என்பதையும் எழுதுங்கள். வாங்க வருபவருக்குக் கேட்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே? கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பாடசாலைகளுக்குக் கம்பியூட்டர் எடுத்துத் தரும் சகோதரர்களே, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் திறக்க முடியாத பத்துப் பெட்டி தராதீர்கள். மாற்றக்கூடிய ஆறு பெட்டி தாருங்கள். அவை நாலைந்து பெட்ச் பிள்ளைகளுக்கு உழைக்கும்.

அந்த மகளின் பெட்டிக்கு என் செலவில் ஒரு எஸ்.எஸ்.டியும் ஒரு டி.டி.ஆர்3 ராமும் போட்டேன். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது, பைத்தன் ஓடுகிறது. அந்தச் செலவு உதவி இல்லை, நான் பட்ட கடன். புதுப் பெட்டி இல்லையே என்ற கவலை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி யாராவது வாசலில் மறித்துக் கேட்டால், மணி அடித்தாலும் பரவாயில்லை, நின்று பதில் சொல்வேன் இன்ஷா அல்லாஹ். வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் இலக்கத்தைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த தம்பிமார் சொல்வார்கள்.