அம்புலன்ஸ் வரும்வரை யார் காப்பாற்றுவது?



மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், ஒருவர் கைகாலைத் தேய்க்கிறார், இன்னொருவர் லொறி கேட்டு ஓடுகிறார். யாரோ 1990க்கு அழைக்கிறார். பிறகு எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். குளவிக் கொட்டு, மாரடைப்பு, மின்னல் என்று காரணம் மாறலாம். நாம் நிற்பது மாறுவதில்லை.

இதயம் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறி அம்புலன்ஸ் நம் டிவிஷனுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரத்தில் உதவக்கூடியவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அமைந்துள்ள கிங் மாவட்டத்தில், அவசர அழைப்பை எடுப்பவர்களுக்கு 1980களின் தொடக்கத்திலேயே இதற்கான பயிற்சி கொடுத்தார்கள். சிங்கப்பூரும் 2012இல் இதை ஆரம்பித்தது.

முறை எளிது. “அவருக்கு நினைவு இருக்கிறதா? வழமைபோல மூச்சு விடுகிறாரா?” என்று கேட்பார். இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே சொல்லிக்கொடுப்பார்: “தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கையை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வையுங்கள். இரண்டு அங்குலம் பதிய அழுத்தி விடுங்கள். என்னோடு எண்ணுங்கள்.” நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். சாகும் தறுவாயில் இழுத்து இழுத்து வாங்குவதை மூச்சு என்று நினைத்து நாம் ஏமாந்துவிடுவோம். பயிற்சி பெற்றவர் அதைக் கேட்டே கண்டுபிடிப்பார்.

“தப்பாக அழுத்தினால் எலும்பு முறியாதா?” என்று சிலர் பயப்படலாம். முறியலாம். முறிந்த எலும்பு பொருந்தும். நின்ற இதயம் தானாக ஓடாது. வாயோடு வாய் வைத்து ஊதக் கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: திடீரென்று விழுந்த பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்துவது மட்டுமே பெரிய உதவி. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும். அதையும் தொலைபேசியில் சொல்லித்தர முடியும்.

1990 சேவையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்த இந்த இலவசச் சேவை ஏழைகளுக்குப் பெரும் துணை. அது இன்னும் பலமாக வேண்டும் என்பதால்தான் கேட்கிறோம்.

முதலாவது, இரவோ பகலோ, தமிழில் அழைப்பவருக்குத் தமிழிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் கடமையில் இருக்க வேண்டும். பதற்றத்தில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி விளங்காது. புத்தகத் தமிழும் விளங்காது.

இரண்டாவது, நம் லயங்கள் பலவற்றுக்கு வீதிப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. இடத்தை விளக்குவதிலேயே நிமிடங்கள் போய்விடும். தோட்டம், டிவிஷன், லயம் எல்லாம் அழைப்பு நிலையத்தின் பதிவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தோட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் சம்பளத்துடன் ஒரு நாள் பயிற்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். கங்காணி, பிள்ளைக்காம்பரா ஆயா, இளைஞர்கள் என்று சிலராவது ஒருமுறை அழுத்திப் பழகியிருந்தால், தொலைபேசியில் சொல்வது உடனே கைக்கு வரும்.

நம் பங்கும் இருக்கிறது. மலையில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள். 1990க்கு அழைத்தால் ஸ்பீக்கரில் போட்டு விழுந்தவர் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி அம்புலன்ஸுக்கு வழி காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் தீர்மானமாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினால், அதை உரிய இடத்தில் வைப்பது சங்கத்தின் பொறுப்பு. நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் கைகளுக்குப் பலம் போதும். என்ன செய்வது என்று அந்த நிமிடத்தில் நம் மொழியில் சொல்ல ஒரு குரல் வேண்டும்.