அம்மா பார்த்த மலை

“இவ்வளவு தூரம் வந்து ஒண்ணுமே தெரியலையே!”

சாங்ஜியாஜியே மலையுச்சியின் காட்சி மேடையில் நின்றுகொண்டு, எங்கள் சுற்றுலாக் குழுவினர் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னது இதைத்தான். சென்ற ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு சீனாவின் ஹுனான் மாநிலத்துக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து சாங்ஷாவுக்கு விமானம், அங்கிருந்து பேருந்து. போய்ச் சேர்ந்த இரவு முழுவதும் மழை. மறுநாள் காலை, செங்குத்துப் பாறையை ஒட்டிக் கட்டப்பட்ட 326 மீட்டர் உயர பைலோங் மின்தூக்கியில் ஏறி மேலே போனால், கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெறும் வெள்ளை.

வழிகாட்டிப் பெண் பாவம், மூடுபனியைத் தானே வரவழைத்தது போல மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பேர் கடைகள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் மழை அங்கியோடு கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் கேமராவில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அங்க பாரு, அங்க பாரு!”

வெள்ளைக்குள்ளிருந்து கரிய தூண் ஒன்று மெல்ல வெளியே வந்தது. தலையில் நாலைந்து பைன் மரங்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. அதற்கும் பின்னால், பென்சிலால் லேசாகக் கோடு போட்ட மாதிரி மூன்றாவது. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கலாம். பிறகு எல்லாம் மறைந்துவிட்டது.

“யாரோ போர்வைய விலக்கி எட்டிப் பாத்துட்டு, திரும்பப் படுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சும்மா,” என்றார் அம்மா.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியும், அதை நான் கெடுத்த கதையைப் பற்றியும்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வூலிங்யுவான் என்ற இந்த வட்டாரத்தை யுனெஸ்கோ 1992ஆம் ஆண்டு உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இங்கே 3,000க்கும் அதிகமான மணற்பாறைத் தூண்கள் நிற்கின்றன. பல தூண்கள் 200 மீட்டருக்கும் உயரமானவை. நம் வீவக அடுக்குமாடி எதுவும் அவற்றின் தோளுக்குக்கூட வராது! பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகிப் பாறையானது. அதன் வெடிப்புகளில் இறங்கிய மழைநீரும், குளிர்காலத்தில் உறைந்து விரியும் பனிக்கட்டியும், மர வேர்களும் சேர்ந்து பாறையைப் பிளந்து இப்படித் தூண் தூணாக நிறுத்திவிட்டன. ‘அவதார்’ படத்தில் அந்தரத்தில் மிதக்கும் மலைகள் நினைவிருக்கிறதா? படம் வந்த அடுத்த மாதமே, 2010 ஜனவரியில், இங்குள்ள தூண் ஒன்றுக்கு ‘அவதார் அல்லேலூயா மலை’ என்று பெயர் சூட்டினார்கள். மூடுபனி கீழ்ப்பாதியை மறைத்தால்தான் அந்தத் தூண் மிதக்கும். பனி விலகிவிட்டால் அது தரையில் நிற்கும் சாதாரணத் தூண்தான்.

இனி, படம் எடுப்பது. மூடுபனியில் கேமரா இரண்டு விதமாக ஏமாறும். ஒன்று, வெளிச்சம். எந்தக் காட்சியைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்வது கேமராவின் வழக்கம். அதனால் வெள்ளைப் பனி அழுக்குத் துணி மாதிரி பதிவாகும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டினால் பனி வெள்ளையாகும். கைப்பேசியில் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும். இரண்டு, ஃபோகஸ். வெறும் வெள்ளையில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கரிய மர விளிம்பு எங்கே தெரிகிறதோ அங்கே தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். அகலக் கோணத்தைவிட 2 அல்லது 3 மடங்கு ஸூம் நல்லது. ஒரு தூணும் அதன் பின்னால் இன்னொன்றும் இருந்தாலே படம் நிறைந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைப் பக்கம் போகாமல் காத்திருப்பது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கெடுத்தது அன்றிரவு ஹோட்டல் அறையில்தான்.

படத்தைத் திருத்தும் செயலிகளில் ‘டிஹேஸ்’ என்றொரு வசதி உண்டு. கோட்டை வலப்புறம் இழுத்தால் பனிமூட்டம் குறைந்து, மறைந்திருப்பது துலங்கும். இழுத்தேன். பாறையின் வரி வரியான அடுக்குகள் தெரிந்தன. இன்னும் இழுத்தேன். பின்னால் இருந்த தூண்கள் ‘இதோ இருக்கிறோம்’ என்று முன்னால் வந்து நின்றன. கொஞ்சம் நீலம் சேர்த்தேன், மரங்களுக்குப் பச்சை ஏற்றினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இதயங்கள் குவிந்தன. “நாட்காட்டிப் படம் மாதிரி இருக்கு!” என்றார் சித்தப்பா.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை உற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம பாத்தது இது இல்லியேம்மா.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வார்த்தையை முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வானொலி நிகழ்ச்சிக்காக மூதாட்டி ஒருவரைப் பேட்டி கண்டேன். மறைந்த கணவரைப் பற்றிக் கேட்டதும் அவர் உடனே பேசவில்லை. நான்கு விநாடி மௌனம். பிறகுதான், “நல்ல மனுசன்” என்றார். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். கருவி பழுதோ என்று நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவாரே! நான்கு விநாடியையும் வெட்டினேன், மூச்சுச் சத்தத்தையும் எடுத்தேன். நிகழ்ச்சி கச்சிதமாக வந்தது. ஒலியேறிய மறுநாள் அவர் அழைத்தார். “ஏம்மா, அவரப் பத்திக் கேட்டதும் நான் டக்குன்னு பதில் சொன்ன மாதிரி வருதே. நான் அப்படியா சொன்னேன்?”

கோபம் இல்லை அந்தக் குரலில். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. அவர் சொன்ன பதிலே அந்த நான்கு விநாடிதான். நான் அதைக் குறை என்று நினைத்துத் துடைத்திருக்கிறேன்.

ஹோட்டல் அறையில் படத்தை மீண்டும் திறந்தேன். என்ன தவறு என்று இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. முதல் தூண் கருப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது வெறும் கோடு. இந்த வித்தியாசம்தான் ‘அது தூரத்தில் இருக்கிறது’ என்று நம் கண்ணுக்குச் சொல்கிறது. பனியை நீக்கியதும் மூன்றும் ஒரே சுவரில் ஒட்டிய மாதிரி ஆகிவிட்டன. தெளிவு வந்தது, ஆழம் போய்விட்டது. மலையை உயரமாகக் காட்ட வேண்டுமானால் முழுவதையும் வரையாமல் அதன் இடுப்பைப் பனியால் மறைக்க வேண்டும் என்ற கருத்தை, 11ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி அப்போதே சொல்லியிருக்கிறார்.

டிஹேஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். முன்னால் இருக்கும் தூணை மட்டும் ‘மாஸ்க்’ போட்டுத் தேர்ந்தெடுத்து, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏற்றினேன். பின்னால் இருந்தவற்றைத் தொடவில்லை. பனியின் வெளிச்சத்தைச் சற்றே கூட்டினேன். ஆனால் வெறும் காகிதமாக வெளுத்துப்போகும் முன் நிறுத்தினேன். அன்று காலை குளிராக இருந்ததால் நிறத்தில் மெல்லிய நீலச் சாயலை மட்டும் விட்டேன். லென்ஸில் விழுந்த இரண்டு நீர்த்துளிப் புள்ளிகளை அழித்தேன். பத்து நிமிட வேலை.

படத்தைத் திருத்துவதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. கேமரா பனியை அழுக்காக்கினால், அதை மறுபடி வெள்ளையாக்குவது நியாயம்தானே? நான் இப்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவர் இதைப் பார்த்தால் ‘ஆமாம், இதுதான்’ என்பாரா?

புதிய படத்தை அம்மாவிடம் நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்தை நான் வெட்டவில்லை.

“இது,” என்றார்.

இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. குழுவில் இதற்கு வந்தவை மூன்றே இதயங்கள்தான். வீட்டுக்கு வருபவர்கள், “என்ன ஆன்ட்டி, பாதி மலையைக் காணோம்?” என்று கேட்கிறார்கள். அம்மா அவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, போர்வை விலகிய கதையை முதலிலிருந்து சொல்கிறார்.